ஈயன்னாவில் தொடங்கும் பெயர்

இப்போதெல்லாம் ஒரே ஒரு வரி போதுமாம். ‘போனில் என்ன தமிழ் எழுத்து இருக்கிறதோ அதையே காட்டு’ என்று வெப் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்களாம். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் சொன்னாள். “அங்கிள், உங்க காலத்துல ஃபான்ட்டுக்குன்னே தனியா ஒரு ஆள் இருந்தாராமே, நிஜமாவா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பு வேறு. நிஜம்தான் தாயே, அந்த ஆள் நான்தான். என்னென்ன செய்தீர்கள், எழுதிக் கொடுங்களேன் என்று கேட்டாள். எழுதுகிறேன். படித்துவிட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும், எனக்கு வரவில்லை.

திருச்சியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டரில் எழுத்துக் கோத்துப் பழகியவன் நான். அப்புறம் ஒரு கோர்ஸ், நாலைந்து வருஷம் சென்னை, நாற்பது வயதுக்கு மேல் விசா, ஆக்லாந்து. வந்த புதிதில் ஒனிஹங்காவில் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினேன். போன இடமெல்லாம் “நியூசிலாந்து எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?” என்றார்கள். வேலை கொடுத்தால்தானே அது வரும்? அதைக் கேட்க எனக்கு அப்போது இங்கிலீஷ் போதவில்லை.

வேலை கொடுத்தவர் ரேச்சல் மேடம். மலேசியா, ஈப்போக்காரர். நியூ லின் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், சின்னதாக ஒரு வெப் கம்பெனி நடத்தினார். கிளினிக்குகள், சங்கங்கள், சர்ச்சுகள் எல்லாம் தங்கள் அறிவிப்புகளைப் பல மொழியில் போட எங்களிடம் வரும். என்னைவிட வயதில் சிறியவர். ஆனால் அவர் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு ஹெட்மாஸ்டர் ரூமில் நிற்பதுபோல் இருக்கும். ஒருநாளும் குரல் உயர்த்த மாட்டார். காலையில் “பசியாறிட்டீங்களா சேகர்?” என்பார். ஆச்சு என்றால், “சரி, காட்டுங்க” என்பார். காட்டினால், “என் கம்ப்யூட்டர்ல தெரியுது, உங்க கம்ப்யூட்டர்ல தெரியுது. லைப்ரரியில பாத்தீங்களா?” என்பார்.

அவருடைய சட்டம் ஒன்று உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டர் எதிலும் ஒரு தமிழ் எழுத்துருவைக்கூடத் தனியாக ஏற்றி வைக்கக் கூடாது. ஏற்றிவிட்டால் நமக்கு எல்லாப் பக்கமும் அழகாகத் தெரியும், ஊருக்குத் தெரிகிறது என்று நாமே நினைத்துக்கொள்வோம். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் முடித்ததும் கீழே இறங்கி, லைப்ரரிக்குப் போய், பொதுமக்கள் உட்காரும் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். பிறகு ஆபீசுக்கு வந்து மேசையில் வரிசையாகக் கிடக்கும் பழைய போன்களில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பார்த்தேன் என்று வாயால் சொன்னால் போதாது. “என்ன தெரிஞ்சுது, அதச் சொல்லுங்க” என்பார்.

என்ன தெரியும்? பாதி நாள் கட்டம்தான் தெரியும். எழுத்து இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கும்.

ஸ்டைல் ஷீட்டில் எழுத்துரு குறிப்பது என்பது ஒரு கெஞ்சல். முதலில் இந்த எழுத்துருவில் காட்டு. அது இல்லையா, அடுத்ததில் காட்டு. அதுவும் இல்லையா, உன்னிடம் என்ன இருக்கிறதோ அதில் காட்டு. எழுத்துருவை நாமே கூட அனுப்பலாம் என்று வந்தபோது சந்தோஷப்பட்டோம். அதிலும் ஆயிரம் சண்டை. எக்ஸ்புளோரர் என்ற பிரௌசர் ஒரு வகை எழுத்துருக் கோப்பைத்தான் தின்னும். ஃபயர்ஃபாக்ஸுக்கும் குரோமுக்கும் வேறு வகை. பழைய ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, பழைய ஐபோனுக்கு இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கினால் பழைய எக்ஸ்புளோரர் குழம்பி ஒன்றையும் எடுக்காது. அதை ஏமாற்றக் கோப்புப் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். ஏன் கேள்விக்குறி என்று கேட்காதீர்கள், போட்டால் வேலை செய்தது. கழுதைக்கு வாழ்க்கைப்பட்டு உதைக்கு அஞ்சலாமா?

ஒருமுறை ஒரு டிசைனர், வெள்ளைக்காரப் பையன், நல்ல பையன்தான், தலைப்புகளில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டால் அழகு என்று ஒரு வரி சேர்த்துவிட்டான். இங்கிலீஷுக்கு அழகுதான். தமிழில் ‘கொசு’ என்பதன் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ககரம் அநாதையாக நின்றது. சில போன்களில் காலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் வேறு. டெங்கு எச்சரிக்கைப் பக்கம் அது. “இட்ஸ் ஜஸ்ட் ஸ்பேசிங், மேட்” என்றான். அடப்பாவி, உன் பெயரை நான் தலை வேறு உடம்பு வேறாக வெட்டி வைத்தால் நீ என்ன சொல்லுவாய் என்று தமிழிலேயே திட்டிவிட்டு, அந்த வரியை எடுத்தேன்.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. என்னை முறித்துப் போட்டது சிவபாலன் வேலைதான்.

சிவபாலன் யாழ்ப்பாணத்துக்காரர். ஒனிஹங்காவில் இருந்துகொண்டு, ஆக்லாந்து இலங்கைத் தமிழருக்காக ஓர் அறிவித்தல் தளம் நடத்தினார். பிறந்தநாள், பூப்பு நீராட்டு, கோயில் திருவிழா எல்லாம் இருக்கும். ஆனால் சனம் தினம் காலையில் திறந்து பார்ப்பது மரண அறிவித்தலைத்தான். வருஷக்கணக்காக அவர் அதைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்துவந்தார். பாமினி எப்படியென்றால், உள்ளே இருப்பது எல்லாம் இங்கிலீஷ் விசைகள். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்திருக்கும். ‘அம்மா’ என்று நமக்குத் தெரியும்; கம்ப்யூட்டருக்கோ அது mk;kh. எழுத்துரு வந்து சேராவிட்டால் வாசிப்பவருக்கும் அந்தக் குப்பைதான் தெரியும். மற்ற எழுத்துரு போனால் அழகு போகும். இது போனால் மொழியே போய்விடும்.

“யூனிகோடுக்கு மாத்திடலாம் சார், இந்தத் தலைவலியே இருக்காது” என்று நான் கெஞ்சினேன்.

“இல்லை சேகர். எனக்குக் கை பழகினது பாமினி. அவசரத்துக்குச் செத்தவீட்டு நோட்டிஸ் அடிக்கேக்க, புதுசாப் படிச்சுக்கொண்டிருக்க ஏலாது. நீங்கள் அதை எல்லா பிரௌசரிலயும் தெரியப் பண்ணித் தாங்கோ, காணும்” என்றார். அவர் ஊரில் ‘காணும்’ என்றால் ‘போதும்’.

ரேச்சல் மேடம் என்னைப் பார்த்தார். “கிளையன்ட் கேக்குறாரு லா. செஞ்சு குடுங்க” என்றார்.

இன்னொன்றும் கேட்டார் சிவபாலன். வீட்டிலிருந்தே அறிவித்தலை அடித்து ஏற்ற ஒரு பெட்டி வேண்டும். அதில் தடித்த எழுத்து, நிறம் எல்லாம் அவரே குறி போட்டு மாற்றிக்கொள்வார். பழைய மென்பொருளில் அப்படித்தான் பழக்கமாம். சரி என்று கொடுத்தோம்.

மாதக்கணக்கில் உழைத்தேன். எக்ஸ்புளோரரில் வந்தது, ஃபயர்ஃபாக்ஸில் போனது. ஃபயர்ஃபாக்ஸில் பிடித்தேன், ஐபோனில் போனது. அகர வரிசை முழுக்க அடித்து, அ, ஆ, இ, ஈ என்று ஒவ்வோர் எழுத்தாக லைப்ரரியில் சரிபார்த்தேன். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது: மலிவு போன்களில் டேட்டா மிச்சம் பிடிக்கும் ஒரு பிரௌசர். அது எழுத்துருவை வாங்கவே வாங்காது. அதில் குப்பைதான் தெரியும். “அத வச்சிருக்கறவங்க எத்தன பேரு இருக்கப் போறாங்க, விடுங்க” என்றார் மேடம். அவர் ஒன்றை ‘விடுங்க’ என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். தளம் ஏறியது. சிவபாலன் ஒரு டப்பா நிறையப் பயற்றம் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த குளிர்காலத்தில் சிவபாலனின் மாமியார் இறந்துபோனார். மனைவி புவனேசுவரியின் தாயார், கடைசிக் காலத்தில் இவர்களோடுதான் இருந்தார். அறிவித்தலைச் சிவபாலனே அடித்து ஏற்றினார். மேடமும் நானும் தகனத்துக்குப் போனோம்.

அங்கே புவனேசுவரி அக்கா பெட்டியைப் பார்த்ததைவிட வாசலைப் பார்த்ததுதான் அதிகம். யாரை எதிர்பார்க்கிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். தம்பியாம். பெயர் ஈசுவரன். வேறு தேசத்தில் இல்லை, இதே ஊரில், வெஸ்ட்கேட்டில் இருக்கிறாராம். சில வருஷத்துக்கு முன் சிவபாலன் மகளின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை எங்கோ கீழே போட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு போனவர், போன் நம்பரையும் மாற்றிவிட்டார். இன்னொரு தம்பி யோகேசுவரன் கனடாவில், வர முடியவில்லை.

“நல்லதுக்குச் சொல்லிப் போகவேணும், கெட்டதுக்குச் சொல்லாமலே போகவேணும். தாயெல்லே! நோட்டிஸ் பார்த்திருப்பான், வருவான்” என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். வரவில்லை. நாட்டில் ஒரு மகன் இருக்க, பேரன்தான் கொள்ளி வைத்தான். அக்கா அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை.

அதற்கு அடுத்த வாரம், ஒரு காலைநேரம், ஆபீஸ் படியேறி ஒருவர் வந்தார். வெஸ்ட்கேட்டில் ஏதோ கடையில் வேலைபோல, கடைச் சட்டையோடேயே வந்திருந்தார்.

“அறிவித்தல் தளம் செய்தது நீங்களோ? கீழ உங்கட பேர் போட்டுக் கிடக்கு.”

“ஆமா சார், உக்காருங்க.”

“இருக்க வரேல்லை. ஒண்டு கேக்கவேணும். ஒரு நோட்டிஸில இருந்து ஒரு பேரை எடுத்துவிடச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனை எடுத்து நீட்டினார். பழைய மலிவு போன். அந்த பிரௌசர். திரை முழுக்க குப்பை: இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக. ஐயோ, மேடம் விடச் சொன்ன ஆள் இவர்தானா என்று நினைத்தேன்.

“சார், இதுல ஃபான்ட் வராது. உங்களுக்கு இது படிக்க முடிஞ்சிருக்காது, நான் வேற கம்ப்யூட்டர்ல...”

“ஏன் வாசிக்க ஏலாது?” என்றவர், விரலை அந்தக் குப்பையின் மேல் வைத்து, கடகடவென்று வாசித்தார். “‘புவனேசுவரி ஆக்லாந்து, யோகேசுவரன் கனடா ஆகியோரின் அன்புத் தாயாரும்.’ கொழும்பில பத்து வருசம் பத்திரிகைக்குப் பாமினியில அடிச்சனான். எனக்கு உங்கட எழுத்துரு தேவையில்லை. எனக்கு என்ர பேர்தான் தேவை. எங்கை அது?”

மாதக்கணக்கில் நான் எந்த எழுத்துருவுக்காக மண்டையை உடைத்துக்கொண்டேனோ, அது இல்லாமலே படிக்கத் தெரிந்த மனுஷர் எதிரே நிற்கிறார். அவர் கேட்பது அந்தப் பக்கத்தில் இல்லாத ஒரே பெயரை.

சிவபாலன் அடித்து ஏற்றிய மூலத்தைத் திறந்தேன். இருந்தது. அக்கா பெயருக்கு அடுத்து, யோகேசுவரன் பெயருக்கு முன்னால், ‘ஈசுவரன் ஆக்லாந்து’ என்று முறைப்படி இருந்தது. பக்கத்தைத் திறந்தால் இல்லை. எக்ஸ்புளோரரில் இல்லை, குரோமில் இல்லை, எதிலுமே இல்லை. ஒரு காற்புள்ளிகூட உபரியாக நிற்கவில்லை, அவ்வளவு சுத்தமாகப் போயிருந்தது.

பிறகுதான் பொறி தட்டியது. பாமினியில் ஈயன்னாவுக்கு உரிய விசை, இடப்பக்கம் பார்த்த கோணக்குறி. வெப் பக்கத்தில் அந்தக் குறிக்கு அர்த்தமே வேறு: ‘இங்கிருந்து வருவது பிரௌசருக்கு இடும் கட்டளை, மனிதருக்குக் காட்டாதே.’ எதுவரைக்கும்? வலப்பக்கம் பார்த்த கோணக்குறி வரும்வரைக்கும். பாமினியில் அது காற்புள்ளி. ஆக, ஈயன்னா முதல் அடுத்த காற்புள்ளிவரை பிரௌசர் விழுங்கிவிட்டது. சிவபாலனின் பழைய மென்பொருள், எழுத்தாக வரும் கோணக்குறியை மட்டும் தானாகவே பாதுகாப்பாக மாற்றி வைத்துவந்தது. அவர் கேட்டு வாங்கிய புதுப் பெட்டி, தடித்த எழுத்துக்கும் நிறத்துக்கும் அதே கோணக்குறியைப் போட இடம் கொடுக்க வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் அப்படியே விட்டது. லைப்ரரியில் நான் பார்த்த அகர வரிசையில் ஈயன்னா தனியாக நின்றது. பின்னால் எழுத்து ஒட்டாவிட்டால் அது கட்டளை ஆகாது, தப்பித்துக்கொள்ளும். சிவபாலனோ அடித்த பெட்டியிலேயே பிழைதிருத்திவிட்டு எழுந்துவிட்டார். துக்க வீட்டில் யார் பக்கத்தைத் திறந்து எண்ணிப் பார்ப்பார்கள்?

இதை அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு மேடத்தைப் பார்த்தார்.

“தங்கச்சி, நீங்கள் சொல்லுங்கோ. உலகத்தில எத்தினை எழுத்துக் கிடக்கு. இது என்ர பேரை மட்டும் தெரிஞ்செடுத்துத் தின்னுமோ?”

“அண்ணா, சத்தியமா அதான் நடந்திருக்கு” என்றார் மேடம்.

“மூலத்தில பேர் கிடக்கெண்டுறியள். நேற்று அடிச்சுச் சேர்த்திருந்தா எனக்கெப்பிடித் தெரியும்? வெப் பக்கம்தானே, நினைச்ச நேரம் மாத்தலாம்.”

அது உண்மை. “இப்ப உங்க கண்ணு முன்னாடியே காட்டுறேன் சார்” என்று அவரையே உட்காரவைத்து, அவர் கையாலேயே அவர் பெயரை அடிக்கச் சொன்னேன். விசைப்பலகையைப் பார்க்காமலே அடித்தார். ஏற்றினேன். பக்கம் வெறுமையாக வந்தது. அடுத்து ‘ஈஸ்வரன்’ என்று ஸ் போட்டு அடிக்கச் சொன்னேன். முழுதாக வந்தது. பாமினியில் ஸகரத்தின் விசை எழுத்தே இல்லை, ஒரு சதுர அடைப்புக்குறி. ஈயன்னாவுக்குப் பின்னால் அது வந்தால் பிரௌசர் கட்டளை என்று எடுத்துக்கொள்ளாது. பாவி மனுஷன் நான், ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்தவன்போல, “பாத்தீங்களா சார், ஸ் போட்டிருந்தா பேரு தப்பிச்சிருக்கும்” என்றேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பா தமிழ் வாத்தியார். வடவெழுத்து வேண்டாம் எண்டு எங்கள் மூண்டு பேருக்கும் சுகரம் போட்டே பேர் வைச்சவர்” என்றார். மறுபடியும் சுகரம் போட்டு அடித்தார். மறுபடியும் வெறுமை. இன்னொரு தரம் அடித்தார். மேடம் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்த பிறகுதான் நிறுத்தினார்.

“அக்காவுக்குப் போன் போடட்டுமா சார்?” என்றேன்.

“வேண்டாம்.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு விளங்கீட்டுது. ஆனா விளங்கினதெண்டு அக்காட்டைச் சொல்லிப்போடாதேங்கோ.”

“ஏன் சார்? சொன்னா எல்லாம் சரியாயிடுமே?”

“என்ன சரியாகும்? பேரை மச்சான்தான் வெட்டினவர் எண்டு நினைச்சுத்தான் அண்டைக்கு நான் வீட்டிலயே இருந்தனான். கார்த் திறப்புக் கொத்தைக் கையில வைச்சுக்கொண்டு இருந்தனான் தெரியுமோ? வெட்டேல்லை எண்டா, அம்மாட்டைப் போகாம விட்டது நான். நான் மட்டும்தான். அவர் வெட்டினதாவே இருக்கட்டும். அப்பதான் எனக்கு ஆரையாவது கோவிக்கலாம்.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “சொல்ல மாட்டன் எண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன். வேறு என்ன செய்ய? அவர் இறங்கிப் போனபிறகு ரேச்சல் மேடம் அவர் உட்கார்ந்த நாற்காலியை மேசையோடு தள்ளி வைத்தார். பிறகு, “அந்தப் பெட்டிய இன்னிக்கே சரி பண்ணிடுங்க சேகர்” என்றார். அவர் கேட்காமலே லைப்ரரிக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் திருத்திய விஷயத்தைச் சொல்லச் சிவபாலன் வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது புவனேசுவரி அக்கா. நடந்ததைச் சொன்னேன்; தம்பி வந்துபோனதையும் சொன்னேன்.

“அவன் வந்தவனோ? உங்களிட்டை வந்தவனோ? நீங்கள் எல்லாம் காட்டினியளோ?”

“காட்டினேன்க்கா.”

“அவனுக்கு விளங்கினதோ? நம்பினவனோ? நம்பினவனெண்டாச் சொல்லுங்கோ, நான் இப்பவே வெளிக்கிட்டு வெஸ்ட்கேட்டுக்குப் போறன். இவர் வராட்டிலும் பரவாயில்லை, நான் தனியப் போறன்.”

எதிரே மேடம் இருந்தார். அவர் தலை குனிந்துகொண்டார்.

“இல்லக்கா. அவர் நம்பல.”

“ஓம்,” என்றார். “நம்ப மாட்டான். சின்னனிலயே அவன் அப்பிடித்தான்” என்றார். நான் வைத்துவிடலாம் என்று நினைத்தபோது மறுபடியும் குரல் வந்தது.

“தம்பியின்ர பேர் இப்ப வடிவாத் தெரியுதோ?”

“தெரியுதுக்கா” என்றேன். “எல்லா பிரௌசர்லயும் தெரியுது.”